நன்மை வாங்காத வியாகுலமேரி

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் நன்மைப் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு படி இறங்கியதும் செம்பாறைப்பட்டிக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் சனம் மொத்தமும் எழுந்துவிடும். பெண்கள் பக்கத்தில் சுவரோரம் ஒருத்தி மட்டும் எழமாட்டாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, போகிறவர்களுக்கு இடறாமல் காலை ஒடுக்கி, சுவரோடு சுவராக ஒண்டி வழி விடுவாள். அவள்தான் வியாகுலமேரி.

ஐந்து வருஷத்துக்கு மேலாக இதே கதை. நன்மை என்றால் ஆவூர்ப் பக்கத்துப் பழைய வேதக்காரக் குடும்பங்களில் நற்கருணை, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம். செமினரியில் படித்துவிட்டு வருகிற இளம் சாமியார்கள் திருப்பலி என்பார்கள், நற்கருணை என்பார்கள், ஒப்புரவு என்பார்கள். செம்பாறைப்பட்டியில் அது பூசை, இது நன்மை, மற்றது பாவசங்கீர்த்தனம். சின்னப்பிள்ளை முதல் தடவை வாங்கினால் புதுநன்மை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பொம்பளை வாரம் தவறாமல் பூசைக்கு வந்து, பாட்டெல்லாம் தொண்டை கிழியப் பாடிவிட்டு, நன்மை வாங்குகிற நேரத்தில் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் ஊர் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. சாவான பாவம் செய்தவர்கள் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்காமல் நன்மை வாங்கக் கூடாது. அப்படி ஏதோ ஒன்று அவள் மேல் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்தப் பாவம் என்பதில்தான் கட்சி பிரிந்தது. மந்திரவாதியிடம் போய்த் தாயத்து வாங்கினாள் என்றது ஒரு கட்சி. அவளிடம் என்ன இருக்கிறது, புருஷன்காரன்தான் எங்கேயோ தொடுப்பு வைத்திருக்கிறான், அந்தத் துக்கத்தில் இவள் வாங்குவதில்லை என்றது இன்னொரு கட்சி. புருஷன் ஞானராஜ் இலுப்பூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், வாயில்லாப் பூச்சி. டீக்கடையில் இதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து, சோற்றில் கை வைத்தபடி, "ஏம்மா, என்னதான் விசயம்? எம்பேரு கெடுது" என்று கேட்டிருக்கிறார்.

"அது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. நீங்க சோத்தத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் தின்றார்.

விசயம் என்ன என்று நாம் பார்ப்போம். வியாகுலமேரி நல்லவள்தான். ஒரு வீட்டில் சாவென்றால் முதல் ஆளாகப் போய் நிற்பாள், கடைசி ஆளாகத் திரும்புவாள். செபமாலையை அவள் முன்னெடுத்துச் சொன்னால் கோயில் மணிக்கே வேலையில்லை. ஆனால் கோபம் வந்துவிட்டால் தலைகால் தெரியாது. மூக்குக்கு மேல் வருகிற கோபம் என்பார்களே, இவளுக்கு மூக்கு வரைக்கும் போகிற பொறுமையும் கிடையாது, தொண்டையிலேயே வெடித்துவிடும்.

அவளுக்கு மூத்ததாக ஒரு மகன் இருந்தான். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு பிறந்தவள்தான் மகள் ஜாஸ்பின். ஒவ்வொரு வருஷமும் நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். அதற்கென்று வியாகுலமேரி ஆடியிலேயே விதை போட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி நிறையச் செண்டுமல்லி வளர்ப்பாள். கடைப்பூ வாங்கி அந்தக் கல்லறையில் வைத்ததே இல்லை. பிள்ளைக்குச் செய்ய அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு வேலைதான்.

பக்கத்து வீடு செசிலியுடையது. ஞானராஜின் தம்பி டேவிட்டின் பெண்டாட்டி, வியாகுலமேரிக்கு ஓரகத்தி. டேவிட் சிங்கப்பூரில் கட்டட வேலை. செசிலி தன் மகள் ஏஞ்சலையும் ஒரு பசுமாட்டையும் இரண்டு ஆட்டையும் வைத்துக்கொண்டு இங்கே காலம் தள்ளினாள். 2018-இல் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அந்த ஆடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பாத்தியை மொட்டையடித்துவிட்டன. ஒரு பூ மிச்சமில்லை.

வியாகுலமேரி கத்திக்கொண்டே போய் நின்றாள். செசிலி அந்த நேரம் பார்த்து அடுப்பில் எதையோ வைத்துவிட்டு அவசரத்தில் இருந்தாள். "ஆட்டுக்குத் தெரியுமாக்கா, அது கல்லறைப் பூவா கருவேலஞ் செடியான்னு. கடையில ரெண்டு மொழம் வாங்கிப் போட்டா என்ன, அவன் வேணாம்னா சொல்லப் போறான்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுநொடியே அவள் முகம் செத்துப்போனது. சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் சொல்லியாயிற்று.

வியாகுலமேரி குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். செசிலியின் வாசலில் தூற்றினாள். "ஒன் கூரை காத்தோட போகும்டி. பிள்ளையும் கையுமா நடுவாசல்ல நிப்ப. மாதா மேல சத்தியமா நிப்ப."

இந்தப் பக்கத்தில் வாயால் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், சாயங்காலம் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தால் சரியாகிப்போகும். மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அப்படி இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

அந்த மாதமே கஜா புயல் வந்தது. விடிந்து கதவைத் திறந்தால் செசிலியின் வீட்டுக்குக் கூரை இல்லை. சிமெண்ட் சீட்டு மொத்தமும் பறந்துபோய்க் கண்மாய்க்கரையில் நொறுங்கிக் கிடந்தது. மாட்டுக்கொட்டகை சரிந்து மாடு காலில் அடிபட்டு நின்றது. வியாகுலமேரியின் ஓட்டு வீட்டில் நான்கைந்து ஓடு நகர்ந்ததோடு சரி. செசிலி நனைந்த சேலையோடு ஏஞ்சலைப் பிடித்துக்கொண்டு நடுவாசலில் நின்றாள். வேறு எங்கேயும் நிற்கவில்லை, அதே நடுவாசலில். வியாகுலமேரியை ஏறிட்டுப் பார்த்து, "திருப்தியாக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். அதோடு பேச்சை நிறுத்தினாள்.

கஜா எத்தனையோ மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட புயல். கடலில் உருவாகி வந்தது. செம்பாறைப்பட்டியில் ஒரு பொம்பளை மண்ணை வாரிய கோபத்துக்காக அத்தனை தூரம் கிளம்பி வரவில்லை என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். வியாகுலமேரிக்கும் தெரியாமல் இல்லை. ஜாஸ்பின் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். படம் போட்டுக்கூட விளக்கினாள். அதெல்லாம் சரிதான். ஆனால் புயலை அவள் அனுப்பாவிட்டாலும் அனுப்ப ஆசைப்பட்டாள். ஒரு தாயும் பிள்ளையும் கூரையில்லாமல் நிற்கவேண்டும் என்று மனதார, அதுவும் மாதா பேரைச் சொல்லி, கேட்டாள். பாவம் அங்கேதான் இருந்தது. அதை எந்தப் படமும் அழிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் பங்குக் கோயிலில் மூன்று நாள் தியானம் வைத்தார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியிலிருந்தும் சாமியார்கள் வந்திருந்தார்கள். கோயிலைச் சுற்றி மரத்தடியில் நாற்காலி போட்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். உள்ளூர்ச் சாமியாரிடம் சொல்ல வெட்கப்பட்டு, வியாகுலமேரி சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவரிடம் போய் முழந்தாளிட்டாள். அவர் இருந்த இடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அழுகை ஒரு பக்கம், அந்தச் சத்தம் ஒரு பக்கம். எல்லாவற்றையும் கொட்டினாள். சாமியார் மெதுவாகப் பேசுகிறவர். அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அவங்க மனசு ஆறுற வரைக்கும் கூட இருந்து ஒத்தாசை பண்ணுங்க... நன்மை வாங்க நினைக்காதீங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் எதிர்த்துக் கேட்கவில்லை. தான் செய்ததற்கு இது தகும் என்றுதான் பட்டது. செசிலியின் மனசு ஆறுகிற வரைக்கும் நன்மை கிடையாது. சரி.

வேறு சாமியாரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் இன்னொரு கூத்து. பாவசங்கீர்த்தனத்தில் நடந்தது வெளியே போகக் கூடாது என்று சின்ன வயதில் உபதேசியார் கம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்திருந்தார். அது சாமியாருக்கு உள்ள கட்டளை என்று அவர் சொன்னாரோ இல்லையோ, இவள் தனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டாள். ஆகவே புருஷனிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை, பின்னால் வந்த சாமியார்களிடமும் சொல்லவில்லை. முதல் சங்கீர்த்தனமே முடியாமல் நிற்கும்போது இரண்டாவது எப்படிச் செய்வது என்று அந்தப் பக்கமே போகவில்லை.

வேலையை மட்டும் மறுநாளே தொடங்கினாள். விடிகாலையில் எழுந்து செசிலியின் மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். புயலில் அடிபட்டு இன்னும் ஆறாத காலுக்கு மஞ்சள் அரைத்துக் கட்டினாள். சாணம் அள்ளினாள், கூட்டினாள், புல் அறுத்து வந்து போட்டாள், பால் கறந்து வைத்துவிட்டு வந்தாள். முதல் நாள் செசிலி அந்தப் பாலைச் சாக்கடையில் கொட்டினாள். இரண்டாம் நாளும் கொட்டினாள். அப்புறம் பால் வீணாகிறதே என்று அவளுக்கே பொறுக்காமல் எடுத்து வைத்துக்கொண்டாள். அது ஒரு முன்னேற்றம் என்று வியாகுலமேரி மகிழ்ந்துபோனாள்.

பேச்சு மட்டும் கிடையாது. எதுவானாலும் நடுவில் ஏஞ்சல் வேண்டும். "ஒங்க பெரியம்மாகிட்டத் தவிடு தீந்துருச்சுன்னு சொல்லு" என்பாள் செசிலி. பெரியம்மா ஒரு கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். "தெரியும்னு சொல்லு, அன்னவாசல் போறப்ப வாங்கியாரேன்னு சொல்லு" என்பாள் பெரியம்மா. பிள்ளை பள்ளிக்கூடம் போய்விட்டால் இரண்டு பேரும் மாட்டிடம் பேசினார்கள். பாவம், அந்த மாடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் வியாகுலமேரி செசிலியின் முகத்தைப் பார்ப்பாள், மழை வருமா என்று கீழ்வானத்தைப் பார்ப்பது மாதிரி. ஆறியிருக்கிறதா? உதட்டோரம் ஏதாவது தெரிகிறதா? ஒன்றும் தெரியாது. சரி, நாளைக்கும் இல்லை என்று வீட்டுக்கு வந்து படுப்பாள். நேராகக் கேட்டுவிடலாம்தான். நாக்கு நுனி வரைக்கும் பலமுறை வந்தது. ஆனால் மனசு ஆறிவிட்டதா என்று கேட்டு வாங்குவது ஆறினதாகுமா? தானாக வரவேண்டும் என்று இருந்தாள்.

எளிதாக இருந்தது என்று நினைக்காதீர்கள். நன்மைப் பாட்டு தொடங்கியதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நாக்கில் அந்த அப்பம் கரைகிற ருசி வாய்க்கு ஞாபகம் வரும். ருசி என்று ஒன்றும் கிடையாது, வெறும் கோதுமைத் தகடு. ஆனால் பத்து வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் வாங்கியவளுக்கு அது இல்லாத வாரம் வெறும் வயிற்றோடு நடமாடுவது போல இருந்தது. கொரோனாவில் கோயிலையெல்லாம் பூட்டினார்களே, அந்த மாதங்களில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல். ஊரே தன்னோடு சேர்ந்து பட்டினி கிடக்கிறது, தனியாக ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை. அப்படி நினைத்ததற்காகவும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அந்தக் கொரோனா நாளில்தான் ஏஞ்சலுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் ஒருவரும் அந்த வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வியாகுலமேரி மூஞ்சியில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போய், பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டு, ஈரத்துணி ஒத்தி, கஞ்சி ஊட்டி, காய்ச்சல் விடுகிற வரைக்கும் அங்கேயே இருந்தாள். ஒரு பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள் அவள். அந்த மடியில் பிள்ளையின் உடம்பு கொதித்தபோது அவள் என்ன பாடுபட்டாள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஏஞ்சல் பிழைத்தாள். செசிலி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று வியாகுலமேரி வீட்டுக்கு வந்தாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. செசிலியின் வீட்டுக்கு நல்ல கூரை வந்தது. மாடு இரண்டு கன்று போட்டது. ஜாஸ்பின் கல்யாணமாகித் திருப்பூர் போனாள். அவள் கல்யாணப் பூசையில் பெற்றவள் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றி ஊரில் ஒரு மாதம் பேச்சு ஓடியது.

போன வருஷம் வியாகுலமேரிக்கு வயிற்றில் வலி கண்டது. வெகுநாள் மறைத்துப் பார்த்து, ஒருநாள் மாட்டுக்கொட்டகையிலேயே மயங்கி விழுந்தாள். புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துக் கர்ப்பப்பையில் பெரிய கட்டி, எடுத்தாக வேண்டும் என்றார்கள். ரத்தம் ரொம்பக் குறைவு, சர்க்கரையும் இருக்கிறது, கொஞ்சம் சிக்கலான ஆபரேசன்தான் என்றும் மறைக்காமல் சொன்னார்கள். ஜாஸ்பினுக்கு அது நிறைமாதம், வர வழியில்லை. பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. ஞானராஜ் என்ன செய்வது என்று தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது, செசிலி ஒரு பையில் இரண்டு சேலையும் ஒரு பிளாஸ்கும் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

"நான் இருக்கேன் மச்சான். நீங்க போயி மாட்டப் பாத்துக்கங்க. ஏஞ்சல் தனியாக் கெடக்கா" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போய்விட்டாள். கட்டிலில் கிடந்தவளிடம் அவள் பேசவில்லை. போர்வையை இழுத்துவிட்டாள், பிளாஸ்கைத் திறந்து வெந்நீர் ஊற்றினாள்.

வியாகுலமேரிக்கு வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஆபரேசனில் ஏதாவது ஆகிப்போனால் நன்மை வாங்காமலே போய்ச் சேரவேண்டுமே. ஆண்டவர் முன்னால் போய், செசிலி மனசு ஆறவில்லை சாமி, அதனால் வெறுங்கையாக வந்தேன் என்றா சொல்வது? கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். பக்கத்திலேயே செசிலி உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட வாய் வந்தது. கேட்கவில்லை.

ஆபரேசனுக்கு முந்தின நாள் சாயங்காலம் பங்குச் சாமியார் ஜஸ்டின் வந்தார். இரண்டு வருஷம் முன்பு மாறுதலாகி வந்தவர், சின்ன வயது. கையில் எண்ணெய்ச் சிமிழையும் கழுத்தில் தொங்கிய சிறு பெட்டியையும் பார்த்ததும் வியாகுலமேரிக்குச் சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்தான் ஞாபகம் வந்தது. "அவஸ்தைப் பூசுதல் குடுக்கவா வந்திருக்கீங்க சாமி? டாக்டர் ஏதும் சொன்னாங்களா?"

"அதெல்லாம் பழைய பேச்சும்மா. இது நோயில் பூசுதல், சொகமாகறதுக்கு. நூறு வயசு இருப்பீங்க" என்று சிரித்துக்கொண்டே நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிச் செபம் சொன்னார். பிறகு சிறு பெட்டியைத் திறந்து அப்பத்தை எடுத்து உயர்த்தினார். "கிறிஸ்துவின் உடல்."

வியாகுலமேரி உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "எனக்கு உத்தரவு இல்ல சாமி."

"யாரும்மா உத்தரவு குடுக்கணும்?"

"பாவசங்கீர்த்தனத்துல நடந்தது சாமி. வெளிய சொல்லக் கூடாதுல்ல."

"சாமியார்தாம்மா சொல்லக் கூடாது. ஒங்க விசயத்த நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

வியாகுலமேரி அவரையே பார்த்தாள். மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். மண் வாரியது, புயல், மரத்தடி, சென்னைச் சாமியார், ஜெனரேட்டர். கட்டில் கால்மாட்டில் செசிலி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது தெரிந்தும் ஒன்றையும் மறைக்கவில்லை. "செசிலி மனசு ஆறுற வரைக்கும் நன்மை வாங்க நெனைக்காதன்னு சொல்லிட்டாரு சாமி. அவ மனசு இன்னும் ஆறல."

சாமியார் அப்பத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். "அவரு கடைசியில கையத் தூக்கிப் பாவமன்னிப்புச் செபம் சொன்னாரா?"

"சொன்னாரு சாமி. தலைக்கு மேல சிலுவை போட்டாரு."

"அப்பறம் என்னம்மா? அன்னைக்கே எல்லாம் முடிஞ்சு போச்சே. மன்னிச்சுட்டு யாராவது வாங்காதன்னு சொல்லுவாங்களா? அவரு எங்களாட்டம் நற்கருணைன்னு சொல்றவரு. அவருக்கு நன்மைன்னா வெறும் நல்லது. ஒத்தாசை பண்ணுங்க, ஆனா பதிலுக்கு அவங்ககிட்ட ஒரு நன்மையும் வாங்க நெனைக்காதீங்கன்னு சொல்லியிருப்பாரு. ஜெனரேட்டர் சத்தத்துல நடுவுல உள்ளது ஒங்களுக்கு விழல."

வியாகுலமேரி அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பதிலுக்கு ஒன்றும் எதிர்பாராமல் செய் என்று அவர் சொல்லியிருக்கிறார். இவளோ அத்தனை சாணத்தையும் ஒன்றை எதிர்பார்த்துத்தான் அள்ளியிருக்கிறாள்.

அப்போது செசிலி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். வியாகுலமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா" என்றாள். புயல் அடித்த அந்தக் காலைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதுதான் முதல் தடவை.

"ஆறிடுச்சாத்தா?" என்றாள் வியாகுலமேரி. கேட்கக் கூடாது என்று வைத்திருந்த கேள்வி தானாக வந்துவிட்டது.

"எப்பவோ ஆறிப்போச்சுக்கா. ஏஞ்சலுக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ அவள மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தீல்ல, அன்னைக்கே ஆறிப்போச்சு."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வரமாட்டியேன்னு பயந்தேன்." செசிலி தலையைத் தூக்கவில்லை. "ராசியாயிட்டா அவுகவுக வீடு, அவுகவுக சோலின்னு ஆயிரும். அவரும் சிங்கப்பூர்லயே கெடக்காரு. விடிய நீ மாட்டுக்கிட்டப் பேசுற சத்தம் கேட்டுத்தான் நான் எந்திரிக்கிறது. அது இல்லாமப் போயிருமேன்னு மூஞ்சியத் தூக்கியே வச்சிருந்தேன். எதுக்காக நீ நன்மை வாங்கலைன்னு எனக்குத் தெரியாதுக்கா. ஆனா ஊரெல்லாம் ஒன்னையப் பாவின்னு பேசுறப்ப நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஞாயித்துக்கெழமை ஒன்னையத் தாண்டித்தான் போவேன். நீ கால ஒடுக்கி எனக்கு வழி விடுவ. நான் போயி நாக்க நீட்டிட்டு வருவேன்."

வியாகுலமேரிக்கு முதலில் வந்தது கோபம்தான், பொய் சொல்வானேன். எத்தனை ஞாயிறு, எத்தனை கிறிஸ்துமஸ், பெற்ற மகளின் கல்யாணம். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளின் உச்சந்தலையைப் பார்த்தாள். அங்கங்கே நரைத்திருந்தது. மாட்டிடம் பேசுகிற சத்தத்துக்காக ஒரு பொம்பளை இத்தனை வருஷம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்திருக்கிறாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி நர்ஸைக் கூப்பிடவா என்று கேட்டாள்.

"முதல்ல அவளுக்குக் குடுங்க சாமி" என்றாள்.

"நான் வாங்க மாட்டேன்" என்று செசிலி எழுந்துவிட்டாள். "இத மனசுல வச்சுக்கிட்டே வாங்குனதுக்குச் சங்கீர்த்தனம் பண்ணாம வாங்க மாட்டேன்."

சாமியார் அவளை வராந்தாவின் கோடிக்கு அழைத்துக்கொண்டு போனார். அத்தனை வருஷம் காத்திருந்த வியாகுலமேரி இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செசிலி சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டே பேசுவதும், சாமியார் கையை உயர்த்துவதும் தெரிந்தது. அவள் திரும்பி வந்தபோது முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பெட்டியில் ஒரே ஒரு அப்பம்தான் இருந்தது. சாமியார் அதை இரண்டாகப் பிட்டார். ஒரு பாதி கட்டிலில் கிடந்தவளுக்கு, ஒரு பாதி கீழே முழந்தாளிட்டிருந்தவளுக்கு.

வியாகுலமேரி கண்ணை மூடிக்கொண்டாள். ருசி ஒன்றும் மாறவில்லை, அதே கோதுமைத் தகடு. "இது போதும் ஆண்டவரே, இது போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குத் தூங்கின மாதிரி அவள் பல வருஷமாகத் தூங்கியதில்லை.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். ஜாஸ்பினுக்கும் அந்த வாரமே பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. செசிலிதான் எல்லாம் செய்தாள். குளிப்பாட்டினாள், தலை வாரினாள், கஞ்சி காய்ச்சினாள். இப்போது நடுவில் ஏஞ்சல் தேவைப்படவில்லை. இத்தனை வருஷத்துப் பேச்சும் பாக்கியிருந்ததால் செசிலி மூச்சு விடாமல் பேசினாள். ஞானராஜ் லோடு இல்லாத நாளில்கூட இலுப்பூருக்குக் கிளம்பிவிட்டார்.

வியாகுலமேரிக்கு வாங்கிக்கொண்டு சும்மா கிடப்பது பழக்கமில்லை. கொடுப்பது அவளுக்குச் சுளுவாக வரும், வாங்குவதுதான் வராது. முதுகில் சோப்புப் போடும்போது கூசிப்போய் நெளிவாள். போகப் போகப் பழகிக்கொண்டாள். திண்டில் சாய்ந்து செபமாலையை உருட்டும்போது அவள் புதிதாக ஒரு நன்றி சேர்த்துக்கொண்டாள். என் காதை இப்படிப் படைத்ததற்குத் தோத்திரம் ஆண்டவரே. அந்தச் சாமியார் சொன்னதைச் சரியாகக் கேட்டிருந்தால் நாலு நாள் சாணம் அள்ளிவிட்டு, செய்தாயிற்று என்று என் சோலியைப் பார்க்கப் போயிருப்பேன். செசிலி எனக்குக் கிடைத்திருக்க மாட்டாள். அந்த ஜெனரேட்டருக்கும் தோத்திரம்.

அவள் முதல் முதலாகக் கோயிலில் எழுந்து வரிசையில் நின்ற ஞாயிற்றுக்கிழமை ஊர் மூக்கில் விரல் வைத்தது. என்ன பாவம், எப்படித் தீர்ந்தது என்று கேட்டவர்களிடம் செசிலியே முந்திக்கொண்டு, "பாவம் பண்ணுனது நானு. போங்க, போயி வேலையப் பாருங்க" என்றாள்.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் இனி வேலை செய்யலாம் என்று சொன்ன மறுநாள், விடிகாலையில் வியாகுலமேரி எழுந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, செசிலியின் மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாட்டிடம், "என்னத்தா, எளச்சுப் போயிருக்க, ஒழுங்காத் தீனி போடலையா இவ?" என்று கேட்டாள். உள்ளே படுத்திருந்த செசிலி தலைமாட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். தூக்கம் கலையாத கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அதான் நன்மை வாங்கியாச்சே, இன்னும் எதுக்குக்கா வர்ற?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் பதில் வருகிற வரைக்கும் அவள் படியை விட்டு இறங்கவில்லை.

வியாகுலமேரி குனிந்து கூட்டிக்கொண்டே சொன்னாள். "அப்பல்லாம் நன்மை வாங்கறதுக்கு வந்தேன். இனிமே சும்மா வாரேன்."